அல்லிக்கு அனுப்பிய வீடு

1

இந்தக் கதை ஒரு பொறாமையிலிருந்து தொடங்கியது. இதைவிட மரியாதையான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

கிளிநொச்சியில் ஒரு கல்வி நிலையத்தின் பின்பக்கக் கொட்டகையில் செவ்வாயும் வியாழனும் மாலை நாலரைக்குச் சீனமொழி வகுப்பு நடக்கிறது. நாங்கள் ஒன்பது பேர். தர்மிளா ரீச்சர் சீனாவில் நான்கு வருடம் படித்துவிட்டு வந்தவர். நாளுக்குப் பத்து வரி சீனத்தில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். எனக்கு நான்கு வரிக்கு மேல் வராது. மிச்சத்தைத் தமிழில் எழுதினேன். அந்த மிச்சம் வளர்ந்துதான் இது.

முதல் வரியை இப்படியெல்லாம் எழுதிப் பார்த்தேன்:

(அ) சுதாஜினி பொய் சொல்லத் தெரியாதவள். [வெட்டினேன். ஒருத்தியைத் தூக்கி வைத்துவிட்டுப் பிறகு விழுத்துகிற வேலை இது.]

(ஆ) சீனாவின் மலைக்கிராமம் ஒன்றில் மழை தூறிக்கொண்டிருந்தது. [நான் அங்கே போனதில்லை. கொழும்புக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன்.]

(இ) திறப்பு என்னிடம் இருக்கிறது. [உண்மை. ஆனால் இதை இப்போதே சொல்லக் கூடாது.]

சொல்லிவிட்டேன். சரி, போகட்டும்.

2

பேசிப் பழகுவதற்காக ரீச்சர் எங்கள் ஒவ்வொருவருக்கும் சீனாவில் ஒரு கூட்டாளியைப் பிடித்துத் தந்தார். என்னுடைய கூட்டாளி இரண்டு தடவை கையசைக்கும் பொம்மைப் படம் அனுப்பினான். அதோடு சரி. எனக்குப் பக்கத்தில் இருக்கும் சுதாஜினிக்கு அல்லி கிடைத்தாள்.

அல்லியின் சீனப் பெயர் லோங் ஷூயிங். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோது வைத்துக்கொண்ட பெயர்தான் அல்லி. சொந்த ஊர் மலைச்சரிவில் நெல் விளைகிற ஒரு கிராமம். இப்போது பெரிய நகரத்தில், தண்ணீர்ப் பம்பு விற்கும் கொம்பனி ஒன்றில், பதினெட்டாம் மாடியில் வேலை. படித்த தமிழ் என்பதால் புத்தகத்தில் உள்ளபடியே பேசுவாள்.

"அன்புள்ள தோழி சுதாஜினி, இன்று நான் பன்னிரண்டு மணி நேரம் பணி புரிந்தேன். நண்பகல் உணவை ஒருவர் ஸ்கூட்டரில் கொணர்ந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை."

சுதாஜினியின் தாய் சிவலட்சுமி மாமிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு அடங்காது. "உந்தப் பிள்ளை ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரியெல்லோ கதைக்குது. சாப்பிட்டாளாமோ எண்டு கேள்."

அல்லி, சுதாஜினி, நான் மூன்று பேரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். எதையும் ஒழுங்காக எழுதி வைப்பது என் பழக்கம். கொப்பியின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் அல்லி, வலது பக்கம் நாங்கள் என்று எழுதினேன்.

2006: அவளுடைய அம்மாவும் அப்பாவும் தூரத்து நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். / சண்டையில் எங்கள் பாதை பூட்டப்பட்டது.

2009: அவளுடைய ஊருக்குக் கொங்கிறீற் றோட்டு வந்தது. / நாங்கள்

2014: அவளுடைய மலைக்குள்ளால் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. / எங்களுக்குப் பழைய ரயில் திரும்பி வந்து ஒரு வருடம்.

2019: ஊர்ச் சந்தையில் கீரை விற்பவர்கூடக் காசைக் கையால் தொடுவதில்லை. ஃபோனைக் காட்டினால் போதும். / எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருமென்று ஒருவர் வந்து பெயர் பதிந்துகொண்டு போனார்.

(2009இன் வலது பக்கத்தை நிரப்பவில்லை. நிரப்பப் போவதுமில்லை.)

பட்டியலைத் திரும்ப வாசித்தபோது எனக்கு வந்தது துக்கம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எரிச்சல்தான் வந்தது. ஓட்டப்போட்டியில் ஒரே கோட்டில் நின்றவள், நான் விழுந்து எழும்பிப் பார்ப்பதற்குள் ரயிலில் ஏறிப் போய்விட்டாள்.

3

இனி வீடு.

வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்கும் சுதாஜினியின் வளவுக்கும் நடுவில் தவராசா மாமாவின் வீடு நிற்கிறது. மாமா கனடாவில். இரண்டு மாடி, மாபிள் நிலம், வெள்ளைச் செற்றி. பால் காய்ச்சிய கிழமையே பூட்டிக்கொண்டு பறந்துவிட்டார். வாசல் பூட்டின் திறப்பு என் அம்மா இரஞ்சிதத்திடம். சனிக்கிழமைகளில் நான் போய்த் திறந்து, கூட்டி, பைப்புகளைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டு, கறையான் பார்த்துவிட்டு வருவேன். சுதாஜினியும் உதவிக்கு வருவாள்.

அப்படியொரு சனிக்கிழமைதான் அல்லி தன் ஊர் வீட்டின் படத்தை அனுப்பிவிட்டு, "உன் இல்லத்தின் படத்தை எனக்கு அனுப்புவாயா?" என்று கேட்டாள்.

சுதாஜினியின் வீடு அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. அவளுடைய அப்பா நான்கு வருடம் கட்டாரில் நின்றும் சுவருக்குப் பூச்சு ஏறவில்லை. நிமிர விடாத இடுப்பு நாரிப்பிடிப்பு மட்டும்தான் அங்கிருந்து வந்து சேர்ந்தது.

"எங்கட வீட்டை எப்பிடியடி அனுப்புறது? அவள் மூண்டு மாடி வீட்டை அனுப்பியிருக்கிறாள்."

"அப்ப இதை அனுப்பன்."

"எதை?"

"இப்ப கூட்டிக்கொண்டு நிக்கிறியே, இதைத்தான்."

"போடி விசரி." சிரித்தாள். விளக்குமாறைச் சுவரில் சாத்தினாள். "தவராசா மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கெங்க தெரியப்போகுது? அவர் அங்க ஸ்னோ வழிச்சுக்கொண்டு நிப்பார்."

கவனித்தீர்களா? யோசனை என்னுடையது. [முதல் பிரதியில் இதை அவளுடைய வாயில் வைத்திருந்தேன். இன்று மாற்றினேன்.]

ஏழு படங்கள். எடுத்ததும் நான்தான். மேசையில் அவளுடைய கொப்பிகள், கதிரையில் அவளுடைய துவாய், ஜன்னலோரம் பாதி குடித்த தேத்தண்ணி என்று எல்லாவற்றையும் யோசித்து யோசித்து அடுக்கினோம். செற்றியைச் சுற்றியிருந்த பொலித்தீன் மட்டும் எங்கள் கண்ணில் படவே இல்லை. "உந்தப் பொலித்தீனில ஆரும் கை வைச்சா முறிப்பன்" என்று அம்மா சொல்லிச் சொல்லி, அது செற்றியின் தோல் என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. பிறத்தியாரின் வீட்டைக் கூட்டுகிறவர்கள்தான் இப்படியொரு பிழையை விடுவார்கள்.

4

அல்லியின் மூன்று மாடி வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அது அவளுடைய அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் நின்று கட்டிய வீடு. ஆறு வயதில் அவளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, புதுவருடத்துக்கு வருவார்கள். "நான் அவர்களைப் பதினொரு முறை பார்த்து வளர்ந்தேன்" என்றாள். அம்மாவுக்கு இப்போது கண் பார்வை குறைவு, சின்னச் சின்ன வயர்களை ஒட்டியதால். அவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு ஒருவரும் ஏறியதே இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டுவிட்டது. வயலில் புல். புதுவருடக் கிழமையில் மட்டும் ஊர் முழுக்கக் கார் நிற்குமாம்.

இதைக் கேட்டுச் சுதாஜினி அழுதாள்.

[இந்த இடத்தில், "எங்களிடம் காசு இல்லாவிட்டாலும் அம்மா பக்கத்தில் இருக்கிறா" என்று ஒரு வரி எழுதினேன். அழகான வரி. ரீச்சருக்குக் காட்டினால் சரி போட்டிருப்பார். அழித்துவிட்டேன்.]

ஏனென்றால் எனக்கு அல்லியுடைய துக்கத்திலும் பொறாமை. அவளைப் பிரிந்து போனவர்களின் வேலை ஒரு வீடாகத் திரும்பி வந்தது, றோட்டாக வந்தது, அவள் படித்த படிப்பாக வந்தது. எங்களைப் பிரிந்து போனவர்கள்

வேண்டாம்.

5

போன மாதம் அல்லி சுதாஜினிக்கு அனுப்பியது: "மகிழ்ச்சியான செய்தி. நிறுவனம் என்னைக் கொழும்புக்கு அனுப்புகிறது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. உன் இல்லத்தில் ஓர் இரவு உறங்க அனுமதிப்பாயா?"

அன்றே சுதாஜினி எங்கள் குசினி வாசலுக்கு வந்தாள். அம்மா கிணற்றடியில் நின்றா.

"யது, திறப்பை ஒரு நாளைக்குத் தாடி. உன்ர அம்மா அண்டைக்கு முல்லைத்தீவுக்கு கலியாண வீட்டுக்குத்தானே போறா."

"அம்மா அறிஞ்சா என்னைத்தான் வெட்டுவா."

"எனக்கு வேற வழி இல்லையடி. பொய்க்காரி எண்டு நினைப்பாளெல்லோ. ஒரேயொரு சிநேகிதி. அதுவும் இல்லாமல் போயிடும்."

ஒரேயொரு சிநேகிதி என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் பதினெட்டு வருடமாக அடுத்த வளவில் இருக்கிறேன்.

"பாப்பம்," என்றேன்.

இப்போது நான் மறைத்த ஒன்று. அதற்கு இரண்டு நாள் கழித்து அல்லி எனக்கும் எழுதினாள். அவசரத்துக்கென்று சுதாஜினி என் இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். முழுவதையும் தருகிறேன்:

"யதுர்ஷிகா, வணக்கம். படங்களில் பெரிய இருக்கையின் பொலித்தீன் கழற்றப்படவில்லை. எங்கள் ஊர் வீட்டிலும் அவ்வாறே. ஆகவே எனக்குத் தெரியும், அந்த வீட்டில் எவரும் வசிக்கவில்லை. சுதாஜினி உறங்கும் வீட்டில் நான் உறங்க விரும்புகிறேன். அவள் வெட்கப்படாமல் இதை எப்படிச் சொல்வது? நீ அவளுடைய தோழி. நீ சொல்வாயா?"

ஒன்பது நாளாகிவிட்டது. நான் சொல்லவில்லை.

பயம் என்று எழுதிப் பார்த்தேன், மறதி என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய். இதைச் சொன்னால் சுதாஜினிக்கு எல்லாமே கிடைத்துவிடும். பொய்யைப் பிடித்த பிறகும் விமானம் ஏறி வருகிற ஒருத்தி. எனக்கு இரண்டு பொம்மைக் கைகள்.

6

முடிவுகள்.

(க) நான் திறப்பைக் கொடுக்கிறேன். அல்லி எல்லாம் தெரிந்தும் தெரியாதவள்போல வெள்ளைச் செற்றியில் இருக்கிறாள். சுதாஜினி எந்த அலுமாரியில் கோப்பை இருக்கிறது என்று தேடுகிறாள். [எழுத ஆசையாக இருக்கிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.]

(ங) நான் திறப்பைக் கொடுக்கவில்லை. பூட்டிய கேற்றுக்கு முன்னால் இருவரும் நிற்கிறார்கள். நான் என் ஜன்னலால் பார்க்கிறேன். [இதைக் கனவிலும் கண்டுவிட்டேன். காலையில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.]

(ச) நான் அல்லியின் கடிதத்தைக் காட்டுகிறேன். "ஒன்பது நாளாச் சொல்லாமல் என்னடி செய்தனீ?" என்று சுதாஜினி கேட்கிறாள். [இந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை.]

இன்று சனிக்கிழமை. நேரம் பின்னேரம் இரண்டு பத்து. அம்மா முல்லைத்தீவில். நான் தவராசா மாமாவின் வீட்டுச் செற்றியில் இருந்து இதை எழுதுகிறேன். வேர்வையில் பொலித்தீன் காலோடு ஒட்டுகிறது. திறப்பு கொப்பியின் மேலே. சுதாஜினி அல்லியை எதிர்பார்த்துக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நிற்கிறாள். அவளிடமிருந்து இப்போது வந்தது:

"பஸ் புளியங்குளம் தாண்டிட்டுதாம். வீடு திறந்துதானே கிடக்கு? கெதியாப் பதில் போடடி."

அல்லியின் கடிதத்தை அவளுக்கு அனுப்ப ஒரு விரல் போதும். அல்லி சொன்ன ஃபோன்காலம் இது, காசையும் தொடவேண்டாம், முகத்தையும் பார்க்கவேண்டாம். விரலை வைத்தேன். எடுத்தேன். பொலித்தீனின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பெரிய சத்தம். விட்டுவிட்டேன்.

அடுத்த செய்தி: "கனகராயன்குளம்."

வாசிக்கிறவரே, பொறாமைக்காரியிடம் முடிவைக் கேட்கக் கூடாது. கிளிநொச்சிக்கு பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். திறப்பை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன், எழுதிவிடுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அல்லி இந்தக் கேற்றைத் தாண்டி நடந்து, பூச்சில்லாத வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள் என்று நீங்கள் எழுதினால், அந்தக் குசினியில் என்னையும் ஒரு மூலையில் இருத்திவிடுங்கள்.

தேத்தண்ணியை நான் ஊற்றுகிறேன்.