பச்சையை அமுக்கினால் விளக்கு

சசிகலாவின் பள்ளி வேனில், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே நாலு சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. நாலும் கறுப்பு, நாலும் ஒரே அளவு. உள்ளே இருந்த கடுகளவு பல்புகள் அவள் வண்டியை வாங்குவதற்கு முன்பே உயிரை விட்டிருந்தன. இடமிருந்து முதலாவது உள்விளக்கு. இரண்டாவது, கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டும் சின்ன ஃபேன். நாலாவது ஃபாக் லைட். மூன்றாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

வண்டியை முதலில் வைத்திருந்தவர் நடுவட்டம் தனசிங். டூரிஸ்ட் கூட்டிப்போகிற மனுஷன், குஷிப் பேர்வழி. மூன்றாவது சுவிட்சில் ஒரு பாட்டு ஹாரனை மாட்டி வைத்திருந்தார். அமுக்கினால் கெட்டிமேளம். தாலி கட்டும் நேரத்து மேளம், நாதஸ்வரத்தோடு, திரும்ப அமுக்கும்வரை நிற்காது. வாங்கிய அன்றே கழற்றிப் போட்டிருப்பாள், வேனில் வரும் பிள்ளைகள் விடவில்லை. முழுப் பரீட்சை முடிகிற நாளில் ஜெகதளா முக்கு திரும்பும்போது அதை ஒரு தடவை அடித்தாக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு கல்யாணம், அவ்வளவுதான்.

நாலு வருஷமாக அவள் கை அந்தச் சுவிட்சுகளைத் தடவியே கண்டுபிடித்து வந்தது. யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இப்போது பள்ளிக்கூடம் ஜெகதளா வழிப் பிள்ளைகளை ஏற்றிவரும் லைனை ஒரே வண்டிக்கு நிரந்தரமாகக் கொடுக்கப்போகிறது. அது கிடைத்தால் மாசாமாசம் வேன் காசுக்காகப் பெற்றோர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் இருக்கிற பிள்ளைகளும் புது வண்டிக்குப் போய்விடுவார்கள், வேனை விற்க வேண்டியதுதான். போட்டிக்கு நின்றவர் பிராங்ளின், இருபது வருஷ டிரைவர். கூட்டத்தில் யாரோ ஒரு மகராசன் எழுந்து, "பனியில லேடீஸ் ஓட்டுவாங்களா சார்?" என்று கேட்டுத் தொலைக்க, தாளாளர் பிரைட்டன் சார் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் இல்லாத வண்டியில் தானே முன்சீட்டில் உட்கார்ந்து வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதும் சசிகலாவின் கணவன் அருள்ராஜுக்குக் கை துறுதுறுத்தது. அருவங்காடு தொழிற்சாலை கேன்டீனில் அவனுக்கு வேலை. பெஞ்சாதிக்காக எதையாவது செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"சசி, சுவிட்சுக்குள்ள எல்.இ.டி. போட்டுடறேன். பனி மூடுனாலும் பளிச்சுனு தெரியும் பாரு."

"போடறதுன்னா எல்லாத்துக்கும் வெள்ளையே போடுங்க, போதும்."

"நாலும் வெள்ளையா எரிஞ்சா எது எதுன்னு எப்படித் தெரியும்? உள்லைட்டுக்கு வெள்ளை, ஃபேனுக்கு நீலம், ஹாரனுக்குச் சிவப்பு, ஃபாக் லைட்டுக்குப் பச்சை. சிவப்பைத் தொட்டுடாத. பனி வந்துச்சுன்னா பச்சையை அமுக்கு. முடிஞ்சுது!"

குன்னூருக்குப் போய் வாங்கி வந்து, வியாழக்கிழமை சாயங்காலம் கட்டிலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிட்டான். எரியாதபோது அந்த விளக்குகள் நாலும் கண்ணாடி மணி போல ஒரே மாதிரி இருந்தன. கடைக்காரர் பேர் எழுதிக் கொடுத்த பொட்டலங்கள் பிரித்த வேகத்தில் கலந்துபோயின. அவன் ஒவ்வொன்றையும் பேட்டரியில் தொட்டு எரிய வைத்து, வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு பூத்துப் போயிருச்சுங்களா? நான் பாத்துச் சொல்லட்டுமா?" என்று டீயோடு வந்தாள் சசிகலா.

"நீ போ புள்ள, இது ஆம்பளை வேலை" என்றான் சிரித்துக்கொண்டே. "பழைய பல்பை எப்படிப் போட்டாலும் எரியும். இதுல ரெண்டு கம்பிக் காலு மாறுனா எரியாது, தெரியுமா?"

கம்பிக் காலை அவன் மாற்றிச் செருகவில்லை. பார்க் லைட்டைப் போட்டதும் நாலும் அழகாக எரிந்தன. மூன்றாவது பச்சை, நாலாவது சிவப்பு. ஃபாக் லைட் கடைசியில்தானே இருந்தது என்று அவளுக்கு ஒரு கணம் உறைத்தது. கழற்றி மாட்டியதில் சுவிட்சு இடம் மாறியிருக்கும், மனுஷன் பச்சை என்றால் பச்சைதான் என்று விட்டுவிட்டாள். அமுக்கிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் தப்பித்தவறி மேளம் அடித்தால் பக்கத்து வீட்டில் அப்போதுதான் தூங்கப்போட்ட கைக்குழந்தை எழுந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை பிரைட்டன் சார் குடையும் ஃபைலுமாக வந்து ஏறினார். நன்றாகச் சிரிப்பவர்தான், ஆனால் ஃபைல் கையில் இருக்கும்போது சிரிக்கமாட்டார். சசிகலா பெல்ட்டைப் போடச் சொன்னாள். ஃபைலில் ஒரு டிக் விழுந்தது. மேலே ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டாள். இன்னொரு டிக். முருகா, இப்படியே வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் மனசுக்குள் சூடம் ஏற்றிக்கொண்டாள்.

தேயிலைக் காட்டு வளைவில் பனி இறங்கியது. எதிரே ரோடு பத்தடிக்கு மேல் இல்லை. ரோட்டோரம் இலை எடை போட வரிசையில் நின்ற பெண்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். சசிகலா வேகத்தைக் குறைத்தாள். பழகிய கை தானாக நாலாவது சுவிட்சுக்குப் போயிற்று. 'பச்சையை அமுக்கு' என்று புருஷன் சொன்னது ஞாபகம் வர, கையை இழுத்துப் பச்சையை அமுக்கினாள்.

கெட்டிமேளம் முழங்கியது.

பிரைட்டன் சார் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. பனிக்குள்ளிருந்து குலவைச் சத்தம் கேட்டது. இலை மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்த மாரியாயி, "ஏ சசிகலா, யாருக்குடி கண்ணாலம்? எங்களுக்குச் சொல்லவே இல்ல!" என்று கத்தினாள். சசிகலாவுக்கு வியர்த்துவிட்டது. பச்சை ஹாரன் இல்லையே, சிவப்புதானே ஹாரன், அதை நிறுத்தினால் நின்றுவிடும் என்று பதறிப்போய்ச் சிவப்பைத் தட்டினாள். ஃபாக் லைட் பளீரென்று எரிந்தது. மேளம் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பும் பச்சையும் மாறிக் கிடக்கின்றன. அவை இரண்டு மட்டும்.

அந்த மேளச் சத்தத்துக்கு நடுவில்தான் அவளுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சந்தையில் அருள்ராஜ் தக்காளியைக் கண்ணால் பார்க்காமல் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குவான். என்ன கெட்டிக்காரத்தனம் என்று பெருமைப்பட்டிருக்கிறாள். தலைதீபாவளிக்குக் கிளிப்பச்சை என்று சொல்லி ஆசையாக எடுத்து வந்து கொடுத்தது அசல் செங்கல் நிறப் புடவை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துப் பதினாலு வருஷமாக அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்குத் தொழிற்சாலையில் மெஷின் வேலை கிடைக்காமல் போனதற்கு, பரீட்சையில் ரெண்டு மார்க் போச்சு என்றுதான் அவன் அவள் வீட்டில் சொல்லியிருந்தான்.

அழ நேரமில்லை. இண்டிகேட்டரைப் போட்டாள், இடப்பக்கம் ஒதுக்கினாள், நிறுத்தினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகு நிறத்தைப் பார்க்காமல், விரலால் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணி அமுக்கினாள். மேளம் நின்றது.

பிரைட்டன் சார் குனிந்து பேனாவை எடுத்தார். "ஏம்மா, இந்த லைட்டெல்லாம் புதுசா இருக்கு. யார் மாட்டினது?"

வீட்டுக்காரர் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் சாரும் அருவங்காட்டுக்காரர், கேன்டீனில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். பதினாலு வருஷம் அவன் பொத்தி வைத்ததை ஒரு மேளத்துக்காக ஊருக்குச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"நாந்தானுங்க சார். பச்சையும் சிவப்பும் மாத்திப் போட்டுட்டனுங்க."

சாரின் முகம் மாறியது. "நீங்களா? பச்சை, சிவப்பு வித்தியாசம் தெரியும்ல? தெரியாதுன்னா என் பிள்ளைங்களை உங்க வண்டியில ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

லைன் கைவிட்டுப் போகிறது என்று சசிகலாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. ஜன்னலை இறக்கிக் கையை நீட்டினாள். "அதோ அந்த மாரியாயிக்கா போட்டிருக்கற ஸ்வெட்டர் ரோஸுங்க, கழுத்துல மட்டும் பாசிப்பச்சை. தலையில கட்டியிருக்கறது சிவப்பு, துவைச்சுத் துவைச்சு வெளுத்துப் போச்சு. உங்க ஃபைலு கரும்பச்சை, டேக்கு சிவப்பு. போதுமுங்களா சார்?"

மாரியாயி தன் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிரைட்டன் சார் ஃபைல் டேக்கைப் பார்த்தார். அப்புறம் ஃபைலை மூடி மடியில் வைத்தார். மூடியதும் மனுஷன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பிராங்ளினோட நேத்துப் போனேன். குறுக்க ஒரு நாய் வந்ததுக்கே பத்து நிமிஷம் திட்டிட்டு வந்தாரு. நீங்க மேளச் சத்தத்துல ஒதுக்கி நிறுத்தி, பிரேக்கையும் போட்டீங்க பாருங்க, அது போதும். திங்கக்கிழமை லைனை ஆரம்பிச்சிருங்க. ஆனா அந்தக் கல்யாணத்தைக் கழட்டிருங்க."

"பரீட்சை முடியற அன்னிக்கு மட்டும் அடிச்சுக்கறமுங்க சார். பசங்க கேப்பாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரே தடவை" என்றார்.

வீட்டு வாசலில் அருள்ராஜ் நின்றுகொண்டிருந்தான். லைன் கிடைத்த சேதியைக் கேட்டு ஆடாத குறை. "பச்சை நல்லா எரிஞ்சுதா சசி?" என்று கேட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அது ரெண்டும் ஒரே மாதிரிதான் புள்ள தெரியும். கண்ணு டெஸ்ட்லதான் வேலை போச்சு. சொன்னா உங்கொப்பன் பொண்ணு தரமாட்டாருன்னு பயந்துட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உன் பொழப்பையே கெடுக்கப் பாத்தனே, பாவி."

"கெடுக்கப் பாத்தீங்கதான்" என்றாள் சசிகலா. அவளுக்குக் கோபமும் இருந்தது, அதைவிட அவன்மேல் பாவமும் பிரியமும் இருந்தது. "நேத்து ராத்திரி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனுல்ல? இனிமே தக்காளி நான் வாங்கறேன். நசுக்கி நசுக்கி பாதி சாறாத்தான் வருது."

அவன் சிரித்துவிட்டான். மறுநாள் விளக்குகளை மாற்றிப் போடுகிறேன் என்றான். வேண்டாம், கிடக்கட்டும், என் கை எண்ணிக்கொள்ளும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டாள். அந்துருண்டை வாசம் வீடு முழுக்க அடித்தது. அருள்ராஜ் டிபன் பாக்ஸோடு வந்தவன் அப்படியே நின்றான்.

"தலைதீபாவளிக்கு எடுத்ததில்ல? இன்னும் வெச்சிருக்கறயா? அன்னைக்கே நினைச்சேன், உனக்குப் பச்சை எடுப்பா இருக்கும்னு."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டாள்.

தேயிலைக் காட்டு வளைவில் மாரியாயி கைகாட்டி வண்டியை நிறுத்தினாள். "புதுச் சேலையா? செங்கல் கலரு உனக்கு அம்சமா இருக்குதுடி."

"செங்கல் இல்லக்கா" என்றாள் சசிகலா கியரைப் போட்டுக்கொண்டே. "பச்சை."