பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம்

பதினெட்டு வருஷமாக நெருப்போடு மல்லுக்கட்டுகிற வெல்டர் அன்று ஆஸ்பத்திரியில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். பயம் இருக்காதா பின்னே? பெண்டாட்டி தலைக்குள் கட்டி. போன வருஷம்தான் எடுத்தார்கள். சனியன், மறுபடி முளைத்துவிட்டது.

“கட்டியை எடுத்தா மட்டும் போதாது,” என்றார் அறுவை மருத்துவர். “அதைத் திரும்பத் திரும்ப உண்டாக்குற மூல செல்லுங்க ஓரமா ஒளிஞ்சிருக்கும். சாதாரண ஸ்கேன்ல பிடிபடாது. ஆனா அதுங்களுக்குப் பசி ஜாஸ்தி. சர்க்கரை கலந்த ஊசி போட்டா, அதிகமா தின்கிற இடம் படத்துல பளிச்சுனு தெரியும். பாருங்க.”

கட்டிக்கு முன்னால் பெரிதாக ஒரு வெளிச்சம். பின்னால் கடுகளவு இன்னொன்று.

“சின்னது சந்தேகம்தான், அதை விட்டுடலாம். பெரிசுதான் கூடு. ஆனா அது பேச்சுக்கான இடம். எடுத்தா பேச்சு போயிடலாம். உயிர் முக்கியமில்லையா?”

அவளோ பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் பேசிச் சம்பாதிக்கிறவள். வீட்டிலும் வாய் ஓயாது. ஆனாலும் மகளுக்கு அம்மா வேண்டுமே! கேட்டால் பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லாமலே, சரி என்று தலையாட்டிவிட்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வெல்டர் பேனாவை வாங்கினார்.

அப்போது ஸ்கேன் எடுக்கும் அம்மா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. படத்தை ஒரு பார்வை பார்த்தார். வெல்டரை ஒரு பார்வை பார்த்தார். அம்மாடி, அந்தப் பார்வை!

“ஊசி போட்டுத் தனியா படுக்க வெச்சேனே, யாரு உள்ள போனது?”

“யாரும் போகலையே மேடம்...” என்று இழுத்தார் வெல்டர்.

“வாயைத் திறக்கக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அதுவும்தான் சர்க்கரையைத் தின்னும். இந்தப் பெரிய வெளிச்சம் எனக்கு வியாதியா தெரியல. யாரோ பேச வெச்ச மாதிரி தெரியுது.”

வெல்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தைப் பார்த்தே பேச்சைக் கண்டுபிடிக்கிற மனுஷி! உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியை விட்டே துரத்திவிடுவார்களோ? சொல்லாவிட்டால் அவள் வாய் போய்விடும்.

“நான்தான் மேடம். நர்ஸ் நகர்ந்ததும் நுழைஞ்சிட்டேன். நான் பேசவே இல்ல. அவதான் விடாம பேசினா. அவ இல்லன்னா மகளுக்கு யாரு தலை பின்னுவா, எனக்கு யாரு...”

“அறிவிருக்கா உங்களுக்கு?” மருத்துவர் எழுந்தே விட்டார்.

“அப்புறம் திட்டலாம் டாக்டர், நானும் சேர்ந்து திட்டறேன். நாளன்னைக்கு மறுபடி எடுத்துப் பாத்துடறேன்.”

எடுத்தார். அன்று ஊசி போட்ட நிமிஷத்திலிருந்து அறை வாசலில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஈ, காக்காய் உள்ளே போக முடியவில்லை. எட்டிப் பார்த்த வெல்டரை முறைத்தே விரட்டினார். படம் வந்தது. பெரிய வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கடுகு மட்டும் அப்படியே இருந்தது. மருத்துவர் பழைய சம்மதப் படிவத்தைக் கிழித்துப் போட்டார்.

பின்பக்கமாகப் போய்க் கட்டியையும் அந்தக் கடுகையும் சேர்த்து எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. தலையில் கட்டோடு அவளும் வெல்டரும் மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தத் துணுக்குலதான் மூல செல்லுங்க இருந்திருக்கு,” என்றார் மருத்துவர். “முன்பக்கம் போயிருந்தா பேச்சை எடுத்திருப்பேன், வியாதியை விட்டிருப்பேன். இனிமே வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த ஸ்கேன் அம்மாவோட கண்ணு இருக்கே, அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடணும்.”

வெல்டர் சந்தோஷமாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேச்சை எடுக்கறதா? என்னை ஒரு வார்த்தை கேக்காம சரின்னு சொல்லிட்டீங்களா?”

திணறாமல், ஒரு சொல்கூடக் குழறாமல் கேட்டாள். அவர் அப்படியே உடைந்து அழுதார்.