ஒன்பதாம் பக்கம்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவர்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை. ஒருவர் ஆறடிக்கு மேல். மற்றவருக்குப் பலகையின் மேல்பாதி எட்டாது. நெட்டையர், குட்டையர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேல்பாதி ஒருவருக்கு, கீழ்ப்பாதி இன்னொருவருக்கு. எல்லைத் தகராறு வந்ததேயில்லை.

குட்டையருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. காலமும் வெளியும் சேர்ந்து வளைவதுதான் ஈர்ப்பு என்கிறது பாடப்புத்தகம். வளைவே வேண்டாம், காலவெளியைத் தட்டையாக வைத்துக்கொண்டு அதில் ஒரு முறுக்கு இருப்பதாக எடுத்துக்கொண்டாலும் கோள்கள் அதே பாதையில்தான் சுற்றும், ஒளியும் அதே அளவுதான் விலகும் என்பார் அவர்.

"வளையுதுங்கறது நாம சொல்ற ஒரு விதம்டா. வேற விதமாவும் சொல்லலாம்."

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறே" என்று நெட்டையர் சிரிப்பார்.

மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்றைக் குட்டையர் ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு நிபுணர் ஒருவரிடம் கருத்துக் கேட்பது அந்த இதழின் வழக்கம்; அந்த நிபுணர் யாரென்றும் வெளியே சொல்ல மாட்டார்கள். கட்டுரை சுற்றிச் சுற்றி நெட்டையரின் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

முதல் வரியிலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. எழுதியவர் என் அறைக்காரர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. மறுநாள் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். இதழிலிருந்து மூன்றாவது நினைவூட்டலும் வந்துவிட்டது. எட்டாம் பக்கம் வரை படித்தார். அங்கே கணக்கில் அடிபட்டுப் போகாமல் ஒரு உறுப்பு துருத்திக்கொண்டு நின்றது. 'இது மிச்சம் நிற்கிறது. ஆகவே பழைய சமன்பாட்டோடு ஒத்துப்போகாது. வெளியிட வேண்டாம்.' மூன்றே வாக்கியம்.

அந்த வருஷம் கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள். அந்த மூன்று வாக்கியத்தை எழுதும்போது அது மனசில் இருந்ததா? இன்றுவரை நெஞ்சில் கைவைத்து அவரால் சொல்ல முடியவில்லை.

கட்டுரை திரும்பி வந்த அன்று இடிந்துபோய் உட்கார்ந்திருந்த குட்டையரை டீக்கடைக்கு அழைத்துப்போனதும் நெட்டையர்தான். "அந்த ஆளு சரியாப் படிக்கலை போல. விடுடா" என்றார். வேலை நெட்டையருக்குக் கிடைத்தது. குட்டையர் எடை அளவு சோதிக்கும் அலுவலகத்தில் சேர்ந்தார்.

இருபத்திரண்டு வருஷம் ஓடியது. இதற்குள் வேறு ஊர்களில் வேறு சிலர், வளைவில்லாமலும் ஈர்ப்பை எழுதலாம் என்று நிலைநாட்டிவிட்டார்கள். அது வேறு, குட்டையர் எழுதியது வேறு என்று நெட்டையர் தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார். பாடநூல் ஒன்று எழுதும்போது அதற்கும் ஒரு அத்தியாயம் தேவைப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அதே உறுப்பு வந்து நின்றது. இன்னும் நாலு வரி போட்டதும், அது முழுக்க எல்லையோரத்துக்கு ஒதுங்கிப் போயிற்று. உள்ளே இருந்த சமன்பாட்டை அது தொடவேயில்லை. இம்மி பிசகாமல் பழையதேதான்.

மனைவி இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் எடை அலுவலகத்துக்குப் போனார். குட்டையர் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் ஒரு பித்தளைப் படிக்கல்லைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாடா வா! என்ன, காத்து இந்தப் பக்கம் அடிக்குது?"

நெட்டையர் உட்காரவில்லை. "உன் கட்டுரையை வேண்டாம்னு எழுதினது நான்தான்."

குட்டையர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"முழுசாப் படிச்சியா?"

"எட்டாம் பக்கம் வரைக்கும்."

"மிச்சம் நின்ன உறுப்பு எங்க போகுதுன்னு ஒன்பதாம் பக்கத்துலதான்டா எழுதியிருந்தேன்."

நெட்டையர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கட்டுரையைக் குடு. எங்கயாவது பதிய வெக்கிறேன். நீதான் முன்னாடியே செஞ்சேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

"வீடு மாத்தினப்ப பழைய பேப்பரோட போட்டுட்டேன்." குட்டையர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்த ஆளு யாரா இருந்தாலும், நீ ஒருத்தன் என் பக்கம் நின்னேன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அதையும் ஏன்டா வந்து எடுத்துட்டே?" என்று கேட்டுவிட்டு அடுத்த படிக்கல்லை எடுத்தார்.

தன் பாடநூலில் நெட்டையர், 'இதை என் நண்பர் முன்பே கண்டறிந்திருந்தார்' என்று ஒரு வரி சேர்த்தார். எந்த இதழில், எந்த வருஷம் என்று பதிப்பாளர் ஆதாரம் கேட்டார். கொடுக்க எதுவுமில்லை; அந்த வரி போயிற்று. அதற்குப் பதிலாக, எட்டாம் பக்கத்தோடு தான் நிறுத்திய கதையை முன்னுரையில் ஒளிக்காமல் எழுதினார். அச்சானதும் முதல் பிரதியைக் குட்டையருக்குத் தபாலில் அனுப்பினார்.

ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். எடுத்தது குட்டையரின் மனைவி. எப்போதும் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவர்.

"புஸ்தகம் வந்துச்சு சார். மேஜை மேலதான் இருக்கு. அவர் இன்னும் பிரிக்கலை."