கடலுக்கு ஒரு பட்டியல்

யாரும் கேட்காத வேலையைச் சிரத்தையாகச் செய்வதில் எனக்கு நிகர் நானே. பகலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீட்டுக்கு வந்தால் பூதங்களுக்குப் பணியிடம் ஒதுக்குகிறவன்.

ஞாயிறு பிற்பகல்களில், கோவில்பத்தில் உள்ள என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ரோல் பிளேயிங் கேம் ஆடுவோம். நான் கதை சொல்வேன். மற்ற மூவரும் அந்தக் கதையில் வரும் வீரர்கள். அவர்கள் காட்டுக்குள் போனால் எதிரே வருவது புலியா, திருடனா, வழிதவறிய சாமியாரா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். எந்த எண் விழுந்தால் எது வரும் என்ற பட்டியலை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பேன். அப்படி முப்பத்தேழு பட்டியல்கள் என் பீரோவில் இருக்கின்றன. இத்தனை எழுதியதற்குத் துறைத் தேர்வு எழுதியிருந்தால் இந்நேரம் மேலதிகாரி ஆகியிருக்கலாம் என்பது என் மனைவி சந்திரலேகாவின் கருத்து. ஆள் குறைகிறதே என்று அவளும் ஆடுகிறாள். மற்ற இருவர் செல்போன் கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமாரும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மலர்க்கொடியும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வீரர்கள் கப்பல் ஏறும்வரை. நான் நெரவிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவன். கடலோடு எனக்குள்ள உறவு பீச்சில் சுண்டல் வாங்குவதோடு சரி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? என் கடல் பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு, நடுக்கடலில் வழிப்பறிக்காரர்கள் மறைந்து நின்றார்கள். பதினோராம் எண்ணுக்குத் தண்ணீர் குறைந்துவிடும். மேல்மடை திறக்கும்வரை கப்பல் காத்திருக்க வேண்டும்.

மலர்க்கொடி மீனவக் குடும்பத்துப் பெண். வழிப்பறிக்காரர்கள் எதன்மேல் நிற்கிறார்கள் என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மடையைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், தெரியலன்னா எங்க ஊருக்கு வந்து கேளுங்க. இப்புடியே எழுதுறதா இருந்தா நான் ஆட்டத்துக்கு வரல," என்றாள்.

அவள் போனால் மிஞ்சுவது ரஞ்சித்குமாரும், என்னைத் திருமணம் செய்துகொண்ட குற்றத்துக்காக ஆடுகிறவளும்தான். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே நான் கடற்கரையில் நின்றேன்.

படகுகள் கரையேறும் நேரம். மலர்க்கொடிக்குக் காலை முறை வேலை. தெரிந்த சார் ஒருவர் வருவார், கடலில் என்ன நடந்தது என்று கேட்பார் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். அவள் அப்பா காத்தமுத்து, ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவர். நான் சும்மா கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அலுவலகப் புத்தி விடுமா? நீளவாட்டு நோட்டில் கோடு போட்டு, பெயர், தேதி, படகு, நேர்ந்தது என்று பத்தி பிரித்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். மறு ஞாயிறு போனபோது சிலர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். என் ஆளுமை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபது பேர் சொன்னார்கள். அதில் நாற்பத்தொரு பேர் சொன்னது ஒரே விஷயம். ஆற்றுவாயில் மணல் மேடிட்டிருக்கிறது, அலை தூக்கும் நேரத்தில் நுழைந்தால் படகு தட்டிக் கவிழ்கிறது. மலர்க்கொடியின் அண்ணன் மணிவேலும் அதையே சொன்னான். அவன் ஊன்றுகோலோடு வந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பட்டியல் என்றால் வகை வேண்டும் என்பது என் கொள்கை. மூன்றில் இரண்டு பங்கு மணல் என்றால் எவன் பகடை உருட்டுவான்? ஆகவே நாற்பத்தொரு பேரையும் சுருக்கி, நான்காம் எண்ணில் ஒரே வரியாக்கினேன். வலையைக் கடித்த சுறா, பழுதான எஞ்சின் போன்றவற்றுக்குச் சில எண்கள் கொடுத்தேன். மீதியில் ராட்சத ஆக்டோபஸ், பேய்க் கப்பல், பாடும் மீன் ஆகியவற்றைக் குடியேற்றினேன். அந்த வாரம் நான்காம் எண் விழவே இல்லை. ஆட்டம் அமர்க்களமாகப் போனது. இனிமேலும் வருவேன் என்று மலர்க்கொடி சொன்னாள்.

புதன்கிழமை காத்தமுத்து போன் செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடுகிறது, மணலைத் தூர்வாரச் சொல்லி மனு போடப்போகிறோம், சார் கணக்கெடுத்த நோட்டோடு வர வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தனை பேர் என்னை அரசாங்கம் அனுப்பிய ஆள் என்று நம்பியிருக்கிறார்கள். நான் அனுப்பப்பட்டது ஆக்டோபஸ் தேடி.

போகாமல் இருக்கக் காய்ச்சல், அத்தை இறப்பு, அவசரப் பணி என்று ஒரு பட்டியலே போட்டேன். சந்திரலேகா அதை வாங்கிக் கிழித்தாள். அவங்க மூஞ்சியப் பாத்து உண்மையச் சொல்லிட்டு வாங்க என்றாள்.

கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு, சோடாவும் உடைத்து வைத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. நான் வந்தது அலுவலக வேலையாக இல்லை, இந்த மனுவில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஒரு விளையாட்டுக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னேன். என்ன விளையாட்டு என்று காத்தமுத்து கேட்டார். பகடையையும் பூதங்களையும் அங்கே விளக்கியபோது, என் நாற்பது வயதும் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மலர்க்கொடி எழுந்து, சார் எதற்காகக் கேட்கிறார் என்று தானும் சரியாகச் சொல்லவில்லை என்றாள்.

காத்தமுத்து என் கையிலிருந்த நோட்டைக் காட்டினார்.

"வெளையாட்டுக்கோ எதுக்கோ, ஆள் பேரு, தேதி, படகு எல்லாம் ஒரே எடத்துல இருக்குல்ல? இத்தன நாளு நாங்க வாயாலதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். மணல்ல தட்டுனத மட்டும் படிங்க சார்."

படித்தேன். ஆறு பேருக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. சுருக்காமல் படித்தால் அது ஒரு வரியாக இல்லை. ஒருவருக்குப் படகு போயிருந்தது, ஒருவர் தம்பியை மறுநாள்தான் கண்டெடுத்திருந்தார். மலர்க்கொடி நோட்டை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படித்தாள். ஓரத்தில் நான் பென்சிலால் கிறுக்கியிருந்த குறிப்புகளையும் அவள் விடவில்லை என்பது, அவள் அண்ணன் பெயர் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"மணிவேல், சித்திரை பதினெட்டு. ஆற்றுவாயில் படகு கவிழ்ந்து வலது கால் முறிந்தது. இனிமேல் கடலுக்குப் போக முடியாது என்கிறார்." நிறுத்தி, அதே குரலில் தொடர்ந்தாள். "மறுபடியும் மணல். சுவாரசியமில்லை."

எனக்கு அவமானமாக இருந்தது. என்னை நானே கேலி செய்து தப்பித்துக்கொள்வது என் வழக்கம், அன்று அதற்கும் வாய் வரவில்லை. நோட்டை அவளிடமிருந்து வாங்கி, அந்த வரியை அழிக்கச் சட்டைப்பையில் ரப்பரைத் தேடினேன்.

மணிவேல் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அழிக்காதீங்க சார். மனுவுலயும் அத அப்புடியே எழுதுங்க. ஆபீசுல படிக்கிறவங்களுக்கும் அப்புடித்தானே தோணும். நீங்க எழுதியாச்சுன்னா, அவங்க வேற எதாவது சொல்லித்தானே ஆவணும்."

அங்கேயே உட்கார்ந்து நாற்பத்தொரு பேர் சொன்னதையும் மனுவில் படியெடுத்தேன். மணிவேலின் பெயருக்கு எதிரே அந்தக் குறிப்பையும் மையில் எழுதினேன். அதன் கீழே, இதை எழுதியவன் வைத்தியலிங்கம், எழுத்தர், கோவில்பத்து என்று சேர்த்தேன்.