ஐந்து மதிப்பெண் கேள்வியில் எங்கள் பண்ணை

சின்னானின் முட்டை லாரி எங்கள் கேட் வரைக்கும் வந்து, உள்ளே நுழையாமல் ரிவர்ஸ் எடுத்தது. பட்டப்பகலில், என் கண்ணெதிரே. வழக்கமாக மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் டயரை இறக்கி ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி உள்ளே வருகிறவன், அன்றைக்குத் தொட்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டான்.

"ஏன்டா, என்ன கேடு வந்துச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா. முதலாளி இப்பத்தான் போன் பண்ணுனாரு. இந்தப் பண்ணையில ஏத்த வேண்டாம்னுட்டாருங்க." என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினான்.

போனில், வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த ஒரு படம். டியூஷன் சென்டர் கரும்பலகை. அதில் முத்து முத்தாக எழுதியிருந்தது: 'பரமத்தி வேலூர் சாலையில் உள்ள நாச்சிமுத்து பண்ணையில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி பரவுகிறது. அப்பகுதி முட்டையின் தேவையும் விலையும் எவ்வாறு மாறும்? விளக்குக. (5 மதிப்பெண்)'

நாச்சிமுத்து என் வீட்டுக்காரர். எழுத்து யாருடையது என்று கேட்கவே வேண்டாம். என் மகள் அகல்யாவுக்குப் பொருளியல் நடத்தும் இளஞ்செழியன் சாருடையது.

கேள்விதானே என்று யாராவது கேட்கலாம். எங்கள் பக்கம் அந்தக் காய்ச்சலின் பெயரைச் சத்தமாகக்கூடச் சொல்ல மாட்டோம். கோழிக்கு வதந்தி தெரியாது. இரண்டு ஷெட்டிலும் முட்டை உருண்டு வந்துகொண்டே இருக்கும். ரூமில் ஏற்கெனவே கூரை முட்ட முட்டை அட்டை அடுக்கியாகிவிட்டது. வெளியே பங்குனி வெயில். அன்று சாயங்காலத்துக்குள் லோடு கிளம்பாவிட்டால் காய்ச்சல் நிஜம்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அதற்கப்புறம் லேப் ரிசல்ட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தாலும் ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அகல்யாவைக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் பொதுப் பரீட்சை. புத்தகமும் கையுமாக வந்தவள் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தாளு கைக்கு நம்ம பண்ணைதான் கிடைச்சுதா?"

"சார் 'ஒரு பண்ணையில்'னுதானுங்கம்மா எழுதுனாரு. நாந்தான் எங்க பண்ணைன்னே போடுங்கன்னேன்."

அறைந்திருப்பேன். கை பாதி தூக்கியும்விட்டேன். ஆனால் அந்த வகுப்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவளே நான்தான். அந்த மனிதர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவரவர் வீட்டில் இருந்து ஒரு சங்கதி கொண்டுவரச் சொல்வார். ராசிபுரத்து நெசவுக்காரர் மகன் பட்டுநூல் விலையைக் கொண்டுவருவான். சங்ககிரி லாரிக்காரர் மகள் டீசல் விலையும் வாடகையும் கொண்டுவருவாள். அகல்யா முட்டையைக் கொண்டுபோனாள். அதுவரை பொருளியல் என்றாலே கொட்டாவி விட்டவள், காலையில் எழுந்ததும் அன்றைய முட்டை விலையைப் பார்த்து அப்பாவோடு சண்டைக்கு நிற்க ஆரம்பித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குள் சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வியர்த்துக் கொட்டியது.

"அம்மா, நான் மறுப்பு போட்டுட்டேங்க. நாச்சிமுத்து பண்ணையில் பறவைக் காய்ச்சல் இல்லைன்னு எல்லா குரூப்லயும் போட்டாச்சு."

"எல்லா குரூப்லயுமா?"

"ஆமாங்க."

"அட கிரகமே. தெரியாதவனுக்கும் தெரிய வெச்சுட்டீங்களா? என் மருமவ ஓடிப்போகலைன்னு மைக் புடிச்சுச் சொன்னா ஊரு என்னங்க நெனைக்கும்?"

அதற்குள் என் போன் அடிக்கத் தொடங்கியது. கரூர்க் கடைக்காரர், தீவனம் போடுகிறவர், என் சொந்தத் தம்பி. எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க, ஆனா மத்தவங்க நம்போணுமே என்றார்கள். நம்பாதவன் என்று ஒருத்தன்கூட அகப்படவில்லை. வாங்குகிறவன் என்றும் ஒருத்தன் அகப்படவில்லை.

அன்றைக்கு அக்கம்பக்கத்தில் இருந்து எங்கள் கேட்டுக்கு வந்த ஒரே ஆள் ராமாயி அக்காதான். வெற்றிலைத் தோட்டத்தைத் தாண்டி அவருடைய சின்னப் பண்ணை. வீட்டுக்காரர் போன பிறகு ஒண்டியாக நடத்துகிறார். தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"குடி கோகிலா. ஒண்ணும் ஆவாது. நாங்க இல்லையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மோரை நின்றபடியே குடித்துவிட்டுத் தூக்குப்போசியைக் கேட் ஓரம் வைத்தேன். அக்கா போகாமல் எங்களோடே நின்றுகொண்டார்.

நாலு மணிக்குத் தீனதயாளன் கார் வந்தது. எங்கள் சுற்று வட்டாரத்தில் முக்கால்வாசிப் பண்ணையின் முட்டையை எடுக்கிற வியாபாரி, சின்னானின் முதலாளி. காரைத் தொட்டிக்கு வெளியே நிறுத்தி, கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அவர் பின்னால் சின்னான் காலி லாரியோடு வந்து நின்றான்.

"நாச்சிமுத்தண்ணா, உங்களுக்காக ரிஸ்க் எடுக்கறனுங்க. பாதி விலைக்குக் குடுத்துருங்க."

சங்கத்தில் தினமும் முட்டைக்கு விலை ஒன்று அறிவிப்பார்கள். வியாபாரி அதில் கொஞ்சம் மைனஸ் போட்டுத்தான் எடுப்பார். அது வழக்கம்; நாங்களும் முனகிக்கொண்டே கொடுப்போம். பாதிக்குப் பாதி என்று யாரும் கேட்டதில்லை. அந்த விலைக்குத் தீவனக் காசுகூட வராது. அதைவிட, பாதி விலைக்குக் கொடுத்தோம் என்று வெளியே தெரிந்தால் காய்ச்சல் இருப்பதை நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"தீனா, அது பள்ளிக்கூடக் கேள்வி" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியுமுங்கண்ணா. அஞ்சு மார்க்குன்னு கீழயே போட்டிருக்குதே. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? கடைக்காரன் கேக்க மாட்டேங்கறான்."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க செத்த சும்மா இருங்க சாமி" என்று தீனதயாளன் கையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

அப்போது அகல்யா கேட் ஓரம் வந்து நின்றாள்.

"அங்கிள், முந்தாநேத்து எங்ககிட்ட ஏத்துன லோடு எங்கீங்க இருக்குது?"

"குடோன்லதான் கண்ணு. நாளைக்கு வெளியூரு போவுது."

"தனியா வெச்சிருக்கீங்களா?"

"தனியா எப்புடி வெப்பாங்க? எல்லாப் பண்ணை முட்டையும் ஒண்ணாத்தான் அடுக்குவாங்க."

"எங்க கோழிக்குக் காய்ச்சல்னா, உங்க குடோன் முழுக்கக் காய்ச்சல்தானுங்களே."

தீனதயாளன் சிரித்தார். அகல்யா சிரிக்கவில்லை. போனைத் தூக்கிப் படிக்க ஆரம்பித்தாள். "நாச்சிமுத்து பண்ணை முட்டை தீனதயாளன் குடோனில் மற்ற முட்டைகளோடு கலந்துவிட்டது என்று செய்தி பரவுகிறது. அந்தக் குடோன் முட்டையின் தேவையும் விலையும் எவ்வாறு மாறும்? விளக்குக. அஞ்சு மார்க்." பிறகு போனை இறக்கினாள். "டைப் பண்ணி வெச்சிருக்கறேனுங்க. எங்க வகுப்புல எல்லாரு ஊட்லயும் ஏதோ ஒரு யாவாரம் இருக்குது. அனுப்புனா ராத்திரிக்குள்ள எல்லா ஊருக்கும் போயிரும்."

"அகல்யா, வேண்டாம்மா" என்றார் சார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அது தப்பு. அதை அழிச்சிரு."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தீனதயாளன் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள பேசற பேச்சா இது" என்றார் கடைசியில். பிறகு சின்னான் பக்கம் திரும்பினார். "வண்டிய உள்ள உடுறா."

"விலைங்க?" என்றாள் அகல்யா.

"வழக்கமா போடற விலைதான். ஏத்தச் சொல்லு."

லாரி தொட்டியில் இறங்கி ஏறியது. டயரில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தது. அட்டை அட்டையாக எடுத்துக் கொடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், என் மகளைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சார் ஓரமாக நின்று இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லோடு ரோட்டுக்கு ஏறியதும் என் வீட்டுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டார். "என்ற சாமி, நீ இல்லைன்னா இன்னைக்கு நாம அவ்வளவுதான்" என்றார். அவளும் அப்போதுதான் சிரித்தாள்.

ராமாயி அக்கா கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார்.

"அகல்யா கண்ணு" என்றார். குரலில் கோபமே இல்லை. "அந்தக் குடோன்ல என்ற முட்டையுந்தான இருக்குது? நீ அதை அனுப்பியிருப்பியா?"

அகல்யாவின் சிரிப்பு நின்றுவிட்டது. போனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். சின்னப் பெண். ராமாயி அக்காவின் முட்டையை யார் எடுக்கிறார், எங்கே அடுக்குகிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அகல்யா போனைத் தூக்கியபோதே எனக்கு அது உறைத்தது. உறைத்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

"கோகிலா, உனக்குமா தெரியாது?" என்று கேட்டார் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட் ஓரம் இருந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, வெற்றிலைத் தோட்டத்து வழியாக நடந்தார்.