கிறகோரி அடித்த பிறேம்

மார்கழி பிறந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் சிலாவத்தையில் வள்ளங்கள் கரையேறிவிடும். கிறகோரிக்கு வேலை இருக்காது. வேலையில்லாத கிறகோரி வீட்டுக்கு ஆபத்தான ஆள். போன மார்கழியில் தண்ணிப் பம்பைத் திருத்தப் போய், கடைசியில் அதைக் கிணற்றுக்குள்ளேயே விழுத்திவிட்டு வந்தவன்.

இந்த முறை அவன் கையில் அகப்பட்டது மகளின் கலியாணப் படம்.

ஆவணியில் பிரியந்தினியைப் பூநகரிப் பக்கம் வலைப்பாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வவுனியாவில் இருந்து வந்த படக்காரன் கோயில் வாசலில் ஆறு பேரை வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான். இடது ஓரத்தில் கிறகோரியின் தம்பி இம்மானுவேல். அடுத்து கிறகோரி, மதலேனா, பிரியந்தினி, மாப்பிள்ளை றொசான். அவனுக்குப் பக்கத்தில் அவன் தாய் பிலோமினா. சிரிக்கச் சொன்னதும் வலது ஓரத்தில் பங்குச் சுவாமியும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார். ஆக ஏழு பேர். வீட்டுக்கு ஒன்றாக இரண்டு பெரிய படங்கள் வந்தன. கிறகோரி வீட்டுப் படம் நாலு மாதமாக அலுமாரிக்கு மேல் சுருண்டு கிடந்தது.

நத்தார்ப் பண்டிகைக்குச் சம்மந்தி பிலோமினா வருகிறாள் என்று மகள் சொன்ன அன்றே மதலேனா சொன்னாள்:

"ரவுண் கடைக்குப் போய்ப் படத்துக்கு ஒரு பிறேம் வாங்கிக்கொண்டு வாங்கோ. தங்க நிறத்தில பூப்போட்டது தொங்குது. பாத்தனான்."

"அது பிளாஸ்ரிக். ரெண்டு வெயில் பட்டால் வளைஞ்சு போகும். நான் அடிக்கிறன்."

"நீங்களோ?"

"சூசையப்பர் ஆர்? தச்சன்தானே."

"அவர் பழகிச் செய்தவர்" என்றாள் மதலேனா.

கிறகோரி காதில் வாங்கவில்லை. பழைய வீட்டு யன்னலில் இருந்து கழற்றிய முதிரை மரச் சட்டங்கள் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடந்தன. அவற்றில் நாலை இழுத்து வந்து, மரம் அறுக்கிற வாளைத் தீட்டி, வேலையைத் தொடங்கினான்.

பிறேம் அடிப்பதில் சூட்சுமம் முழுக்க மூலையில் இருக்கிறது. நாலு சட்டத்தையும் ஒரே சாய்வில் அறுக்கவேண்டும். கிறகோரி நாலையும் நாலு சாய்வில் அறுத்தான். மூன்று மூலை பொருந்தியது. நாலாவது மூலைக்குள் விரல் போனது.

"கொஞ்சம் குறைச்சு அறுத்தால் சரி" என்றான்.

குறைத்து அறுத்தான். மூலைகள் பொருந்தின. ஆனால் பிறேம் சிறுத்துவிட்டது. படத்தை வைத்துப் பார்த்தால் நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"படம் பெரிசு" என்றான் கிறகோரி.

"படம் அண்டைக்கு இருந்த அளவுதான்."

"கத்தரிக்கோலை எடு."

உயரத்தில் குறைந்ததற்குக் கோயில் கோபுரமும் வானமும் போயின. அவற்றுக்காக யாரும் அழவில்லை. அகலத்தில்தான் ஆட்கள் நின்றார்கள். இம்மானுவேல் அன்றைக்குக் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்து, படத்தில் ஒரு கண்ணை மூடியபடி நின்றவன். அவனை வெட்டும்போது இருவருக்குள்ளும் வாக்குவாதம் வரவில்லை.

படத்தைச் சுவரில் கொழுவி, தள்ளி நின்று பார்த்தான் கிறகோரி. அவன் திரும்பி நாலடி வைப்பதற்குள் பிறேம் விழுந்து நாலு துண்டானது.

மூன்றாவது முறை ஆணி அடிப்பதற்காக மூலைகளை மறுபடி சீவவேண்டி வந்தது. மறுபடி சிறுத்தது. இப்போது ஓரத்தில் நின்றவர் சுவாமியார்.

"பாதரை வெட்டுறதோ?" மதலேனா நெற்றியில் சிலுவை போட்டாள். "பாவசங்கீர்த்தனத்தில என்னெண்டு சொல்லப்போறியள்?"

"ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரைப் பாக்கிறம். சுவரிலயும் வேணுமே?"

மதலேனா யோசித்தாள். போன ஞாயிறு பிரசங்கம் ஒரு மணித்தியாலம் நீண்டது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். கத்தரிக்கோலை நீட்டினாள்.

அந்தப் பிறேமில் ஒரு பக்கம் நீளம், எதிர்ப்பக்கம் கட்டை. கொழுவினால் கலியாண வீட்டுக்காரர் எல்லோரும் இடறிவிழப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள். நீளத்தைக் கட்டைக்குச் சமமாக்கி, எல்லா மூலையையும் கடைசியாக ஒரு தடவை அறுத்தான். இனி விட்டுப்போகாதபடி, வள்ளத்தில் ஓட்டை அடைக்கிற பைபர் பசையைக் குழைத்து நாலு மூலையிலும் அப்பினான். பிறேம் இரும்பாக இறுகியது.

"இதைக் கடலில போட்டாலும் மிதக்கும்" என்றான் பெருமையாக.

"சுவரில தொங்கினால் காணும்" என்றாள் அவள்.

படத்தை வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஆள் அதிகம். ஒரு ஓரத்தில் கிறகோரி. மறு ஓரத்தில் பிலோமினா. விடிந்தால் வீட்டுக்கு வரப்போகிற பிலோமினா.

"சம்மந்தியை வெட்டினால் பிள்ளை அங்க வாழேலாது" என்றாள் மதலேனா மெதுவாக.

கிறகோரி படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். வாழ்க்கையில் முதல்தரம் கோட்டுப் போட்டு எடுத்த படம். கோட்டு கடன் வாங்கியதுதான், ஆனாலும் நன்றாக இருந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தன்னைத் தானே நறுக்கென்று வெட்டினான். மதலேனாவின் தோளில் வைத்திருந்த கை மட்டும் படத்தில் மிஞ்சியது. அதை வெட்டினால் அவளுடைய தோளும் போய்விடும்.

வெட்டுப்பட்ட கிறகோரியை மதலேனா எடுத்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். பாசம் என்று சொல்ல முடியாது. புருசனைக் குப்பைக்குள் போட அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மகளும் மருமகனும் பிலோமினாவும் மூன்று பஸ் மாறி வந்து இறங்கினார்கள். பிலோமினா மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற மனுசி. கதிரையில் இருக்க முதலே சுவரைப் பார்த்துவிட்டாள்.

"இந்தக் கை ஆரின்ரை?"

"அவரின்ரைதான்" என்றாள் மதலேனா.

"ஆள் எங்கை?"

"ஆள் பிறேமுக்குள்ள அடங்கேல்லை."

பிலோமினா சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணீர் வந்து, கதிரையில் விழுந்தாள். கிறகோரி முற்றத்தில் ஏதோ அலுவல் இருக்கிறது என்று எழும்பினான். மதலேனா சொன்னாள்:

"நான் சொன்னனான் சம்மந்தி, கடையில வாங்குங்கோ எண்டு. கேக்கேல்லை."

"கடையில வாங்கியும் என்ன?" பிலோமினா கண்ணைத் துடைத்தாள். "றொசான் கிளிநொச்சியில வாங்கினவன். அவையள் வைச்சிருக்கிற அளவுதானே வரும். படம் நீளம். கடைக்காரன் பின்னால மடிச்சு விட்டிட்டான்."

"எதை மடிச்சவன்?"

றொசான் நிலத்தைப் பார்த்தான்.

"அம்மா, நீங்களும் அப்பாவும் இருக்கிறியள்" என்றாள் பிரியந்தினி. "பின்னால."

மதலேனாவின் முகம் சிவந்தது. நாலு மாதமாக அவள் வலைப்பாட்டில், தங்க நிறப் பூப்போட்ட பிறேமுக்குள், சுவரைப் பார்த்தபடி மடிந்து கிடக்கிறாள்.

"இந்த மனுசன் உங்களை வைச்சிருக்கிறதுக்காகத் தன்ரை தலையையே வெட்டினது" என்றாள். "நீங்கள் எங்களை மடிச்சு வைச்சிருக்கிறியள்."

பிலோமினாவின் சிரிப்பு நின்றது. சுவரில் இருந்த கையை மறுபடி பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற கிறகோரியைப் பார்த்தாள்.

"மெய்யோ சம்மந்தி?"

"இடம் காணேல்லை" என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு.

"எங்கட படம் வெட்டுப்படேல்லை. விரிக்கலாம்" என்றாள் பிலோமினா. "முழுப் படத்துக்கும் ஒரு பிறேம் அடிச்சுத் தாறியளோ?"

"ஐயோ வேண்டாம்!" என்று மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கிறகோரி அதற்குள் அளவு நாடாவைத் தேடப் போயிருந்தான்.

இந்த முறை அவன் புத்தியாக நடந்தான். அறுக்க அறுக்கக் குறையும் என்று தெரிந்ததால், மிச்ச முதிரைச் சட்டங்களை எடுத்து, வலைப்பாட்டில் இருந்து மகள் அளந்து சொன்னதற்கு மேல் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கூட்டி வைத்தான். ஆனால் கையும் இப்போது பழகியிருந்தது. முதல் அறுவையிலேயே நாலு மூலையும் பொருந்திவிட்டன. பொருந்தியதை மறுபடி அறுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தை மாதம் றொசான் லொறி கொண்டுவந்துதான் அதை ஏற்றவேண்டியிருந்தது.

வலைப்பாட்டில் படத்தை உள்ளே வைத்தபோது நாலு பக்கமும் நாலு விரல் வெறுமையாக இருந்தது. பிலோமினா நீல மட்டை ஒன்றை வெட்டி அந்த இடைவெளியை நிரப்பினாள். நடுவில் இம்மானுவேலின் மூடிய கண்ணில் இருந்து சுவாமியாரின் பல் வரை ஏழு பேரும் வசதியாக நின்றார்கள். வீட்டுக்கு வந்த சனமெல்லாம் அப்படியொரு நீலக் கரை வைத்த பிறேமை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டது.

"வாங்கேல்லை. சம்மந்தி அடிச்சது" என்றாள் பிலோமினா.

அதன் பிறகு சிலாவத்தைக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. ஒருத்திக்கு மகனின் பட்டமளிப்புப் படத்துக்கு வேண்டும். இன்னொருத்திக்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு, அதே நீலக் கரையோடு. எல்லோருக்கும் மதலேனாவே பதில் சொன்னாள்.

"அவர் கடலுக்குப் போயிட்டார்."

கிறகோரி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.