மூன்று வாரம் முந்தி வந்த மீன்

சோத்னோமின் பூட்ஸ் இன்றைக்கும் நனைந்திருந்தது. செர்மா தேநீர் ஊற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். ஆடுமாடெல்லாம் பனியில் விறைத்துச் செத்தபின், போன வருஷம் தெற்கிலிருந்து வந்து இங்கே ஒண்டியவன் அவன். மீன் திருடாதவனுக்குக் காலங்கார்த்தாலே ஓடையில் என்ன வேலை?

"ஆடெல்லாம் கொழுகொழுன்னு இருக்கா அக்கா?" என்று ஊர் வழக்கப்படி நலம் கேட்டு மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினான்.

"இருக்கு, இருக்கு. ஓடையில தண்ணி எப்படி தம்பி? உனக்குத்தானே தெரியும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தேநீரை மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பினான். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆள் நீளம் வளரும் துல் என்ற ஆற்று சால்மன், அந்த ஆற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம்; அதைப் பிடிக்கத் தடை. கோடை பிறந்த பிறகே ஓடையேறிக் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும். அதற்குள் செர்மா வெள்ளாடுகளுக்கு மயிர் சீவி முடித்து மேட்டு மேய்ச்சலுக்குப் போயிருப்பாள். இந்த வருஷம் ஆற்றுப் பனிக்கட்டி மூன்று வாரம் முன்னதாகவே உடைந்துவிட்டது; மீனும் அப்போதே ஏறிவிட்டது. நேற்று ஓடையோரம் துல் முட்டைகள் செத்து ஒதுங்கியிருந்ததைப் பார்த்ததும், இது மீன் திருடனின் வேலை என்று முடிவு கட்டினாள். நாளைக்கு மேய்ப்பர் கூட்டத்தில் திருடன் பெயரைச் சொல்லி, அவனை ஆற்றங்கரையைவிட்டே துரத்துவதாகக் கூட்டத் தலைவரிடம் ஊரறியச் சவால் விட்டு வந்திருந்தாள்.

இப்போது கையும் களவுமாகப் பிடிக்க சோத்னோம் பின்னாலேயே போய்ப் புதரில் ஒளிந்தாள்.

சோத்னோம் முழங்கால் தண்ணீரில் நின்று, கையை வீசி ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தான். கொம்பில் சிவப்புச் சாயம். அத்தனையும் அவளுடையவை. ஊற்றுக்கண் நீர்த்தெய்வத்தின் இடம், ஆடு வாய் வைக்கக்கூடாது என்று இந்தத் துறைக்கு ஓட்டிப் பழக்கியவள் அவள்தான். அப்போது எண்பது ஆடு. மயிருக்கு விலை ஏற ஏற, இப்போது அறுநூறு.

கூழாங்கல்லெல்லாம் சேறு. குளம்படிக்குள் மஞ்சள் முட்டைகள் நசுங்கிக் கிடந்தன.

"எத்தனை நாளாடா இது?" அவள் புதரைவிட்டு எழுந்து வந்தாள்.

"எட்டு நாளா. மூணு தடவை சொல்லத்தான் வந்தேன். நீங்க திருடனைப் பாக்கிற மாதிரியே பாத்தீங்க. ஒண்ட வந்தவன், உங்க ஆட்டை எப்படிக்கா குறை சொல்றது?" மடுவைக் கைகாட்டினான். "பெரிய பொட்டை மீன் ஒண்ணு இன்னும் அங்கதான் கிடக்கு. பாதி முட்டை வயித்துலதான். ஆடு போனா ஏறும்."

செர்மா வெட்கத்தோடு கல்லைப் பொறுக்கித் தன் கிடாவின் மேலேயே எறிந்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப்போறீங்க?"

"திருடன் பேரைச் சொல்றேன்னு சொன்னேன்ல? சொல்லுவேன். அங்க எல்லாருக்கும் முப்பது வருஷமாத் தெரிஞ்ச பேருதான்."